கராஜ் கதவின் ஸ்பிரிங்கை மாற்றியது நான்தான்

மின்னசோட்டா மாநிலம், நோர்த் ஸ்பர் நகரக் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் ஆன்டன் ஸுபான்சிச் முன்பாகக் கொடுத்த வாக்குமூலம்.

பெயர் மார்லிஸ் நியேமி. வயது அறுபத்து மூன்று. கணவர் பெயர் வெர்னர் நியேமி. விலாசம் டமராக் கோர்ட் குடியிருப்பு, பதினான்காம் எண் வீடு.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பேண்ட் வாத்தியக் குழுவின் ஆசிரியையாக வேலை பார்த்துச் சென்ற வருடம் ஓய்வு பெற்றேன். இதைப் பதிவு செய்யும் சார்ஜென்ட் என்னிடம் டிராம்போன் படித்தவர். அதனால் வேறு அலுவலரை வைத்து எழுதச் சொல்லவா என்று அவர் முதலில் கேட்டார். வேண்டாம், அவரே எழுதட்டும் என்றேன். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துச் சொன்னார். அதுவும் இப்போது வேண்டாம் என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் மீது புகார் வந்திருப்பது தெரிந்து நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

என் கணவர் வெர்னர் மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். சர்க்கரை வியாதியால் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அதன் பிறகு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறார். சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றிக்கொள்ளும் வேன் ஒன்று எங்களிடம் இருக்கிறது. எங்கள் வீட்டு முன்வாசலில் படிகள்தான் உண்டு. அங்கே ஒரு சரிவுப் பாதை போட அனுமதி கேட்டபோது, வீடுகளின் முகப்பு எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லிக் குடியிருப்போர் சங்கம் மறுத்துவிட்டது. அதன் பிறகு கராஜுக்குள்ளேயே மரத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டு, அதன் வழியாக வீட்டின் உள்கதவுக்குப் போய் வருகிறோம். வெர்னர் வெளியே போகவும் உள்ளே வரவும் அந்தக் கராஜைத் தவிர வேறு வழி கிடையாது. இதைச் சங்கத்தில் உள்ள அனைவரும் அறிவார்கள்.

புகார் கொடுத்திருக்கும் கர்டிஸ் லிண்ட்வால் எங்கள் சங்கத்தின் தலைவர். கார் விற்பனை செய்துவந்தவர், எங்கள் தெருவின் மூலை வீட்டில் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய மனைவி தெரீசா வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி செய்து கொடுப்பார். நாங்கள் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வோம்.

சம்பவம் நடந்தது போன ஜனவரி மாதம், கடுங்குளிர் விழுந்த வாரத்தில். திங்கட்கிழமை காலை வெர்னருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது கராஜில் துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம் கேட்டது. எதிர்வீட்டிலிருந்து யாரோ காவல் நிலையத்துக்கே போன் செய்துவிட்டார்கள். ரோந்து வண்டியில் வந்த இளம் காவலர் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, ஸ்பிரிங்தான் உடைந்திருக்கிறது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். கதவுக்கு மேலே குறுக்கே ஓடும் இரும்புத் தண்டில் இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஸ்பிரிங்குகள் இருக்கின்றன. கதவின் எடையைத் தாங்குவது அவைதான், மோட்டார் அல்ல. இடப்பக்கத்து ஸ்பிரிங் இரண்டு துண்டாகியிருந்தது. மோட்டார் கதவை ஒரு கையளவு தூக்கிவிட்டு நின்றுவிட்டது. வேன் உள்ளே மாட்டிக்கொண்டது. அன்றைய டயாலிசிஸுக்குப் போக முடியவில்லை.

அதன் பிறகு நான் கர்டிஸுக்குப் போன் செய்தேன். கராஜ் கதவுகள் சங்கத்தின் சொத்து, சங்கம் ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆளைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டால் காப்பீடு செல்லாது என்று அவர் சொன்னார். ஒப்பந்தக்காரரின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். குளிரில் ஊர் முழுக்க ஸ்பிரிங் உடைந்துகொண்டிருப்பதால் இரண்டு வாரம் ஆகும் என்றார் அங்கிருந்த பெண். டயாலிசிஸ் விஷயத்தைச் சொன்னதும் அவர் குரல் மாறியது, முடிந்தவரை முன்னதாக ஆள் அனுப்பப் பார்க்கிறேன் என்றார். ஆனாலும் ஆள் வரவில்லை. மாவட்ட மருத்துவ வண்டியிலும் அந்த வாரம் இடம் இல்லை என்றார்கள். மீண்டும் கர்டிஸிடம் கேட்டேன். பொறுத்துக்கொள்ளச் சொன்னார். எதைப் பொறுத்துக்கொள்வது என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் வெர்னரின் முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டியதால் இரவு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருந்தார். டயாலிசிஸ் நிலையத்தில் அன்று மதியம் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் லவோன் பெலாஞ்சர், இரும்புச் சுரங்கத்தில் பெரிய லாரி ஓட்டுபவர், தன்னுடன் வேலை செய்யும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோருமாகச் சேர்ந்து கதவைத் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து வேனை வெளியே எடுத்தோம். திரும்பி வந்ததும் அதே போல் மறுபடியும் தூக்கினோம். வெர்னரின் நாற்காலியை நான் கதவுக்குக் கீழே தள்ளிக்கொண்டு போனபோது ஒரு கட்டை பனியில் வழுக்கியது. கதவு இறங்கியது. லவோன் தோளைக் கொடுத்தார். அப்படியும் கதவின் விளிம்பு நாற்காலியில் கால் வைக்கும் இடப்பக்கத்து மிதியில் இடித்து, மிதி மடங்கியது. அந்தப் பக்கம் வெர்னருக்குக் கால் இல்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "அந்தக் கால எடுத்தது நல்லதாப் போச்சு" என்றார். லவோன் சிரித்துவிட்டு, அதன் பிறகு கராஜின் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

ஸ்பிரிங்கை நானே மாற்றுவது என்று அப்போதுதான் முடிவு செய்தேன். கோபத்தில் செய்த முடிவா என்று சார்ஜென்ட் கேட்கிறார். ஆம், கோபமும் இருந்தது. ஆனால் கை நடுங்கும் கோபம் அல்ல.

புதன்கிழமை டயாலிசிஸ் இல்லை, அடுத்தது வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். வேன் வெளியே நின்றதால், உடைந்த ஸ்பிரிங்கை எப்படிக் கழற்றுவது என்று வீடியோக்களைப் பார்த்து, லவோன் உதவியுடன் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு துலூத் நகரில் கதவுச் சாமான்கள் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்பியின் தடிமனையும் சுருளின் நீளத்தையும் அளந்து, அதே அளவில் ஒரு ஜோடியும், முறுக்குவதற்கான இரண்டு இரும்புக் கம்பிகளும் எடுத்து வைத்தார். யார் போடப் போவது என்று கேட்டார். நான்தான் என்றேன். வாசல்வரை கூடவே வந்து, "ஸ்பிரிங் முனையில இருக்கற ஓட்டைக்குள்ள இந்தக் கம்பியத் தவிர வேற எதையும் விடாதீங்கம்மா, ஸ்க்ரூடிரைவர் விட்டுக் கைய இழந்தவங்க நிறைய" என்றார்.

வியாழக்கிழமை காலையில் வேலையை ஆரம்பித்தேன். லவோன் தான் செய்து தருவதாகச் சொன்னார். அவருக்குச் சுரங்கத்தில் பகல் வேலை இருந்தது, சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள். வேண்டாம் என்றேன். மோட்டாரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, கதவு நகராதபடி அது ஓடும் தண்டவாளத்தில் கிடுக்கி போட்டு இறுக்கினேன். வலப்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கையும் அந்தக் கம்பிகளால் முறுக்கவிழ்த்துக் கழற்றினேன். வெர்னர் சரிவுப் பாதையின் மேலே, உள்கதவை ஒட்டி நாற்காலிக்குப் பிரேக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போகச் சொன்னேன், போகவில்லை. "உன் இழவுக்கு வர்றவங்களுக்குப் போர்கெட்டா இறைச்சி வாங்கவா, இல்ல வெறும் ஹாம் போதுமா? இப்பவே சொல்லிடு" என்றார். ஹாம் போதும் என்றேன்.

முதல் தடவை நான் தப்புச் செய்தேன். இடப்பக்கத்து ஸ்பிரிங்கை வலப்பக்கமும் வலப்பக்கத்து ஸ்பிரிங்கை இடப்பக்கமும் மாட்டிவிட்டேன். முறுக்க ஆரம்பித்ததும் சுருள் இறுகுவதற்குப் பதிலாக விரிந்துகொண்டே போனது. நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கழற்றினேன். "முப்பது வருஷமா பசங்களுக்கு லெஃப்ட் ரைட் சொல்லிக் குடுத்தவ நீ" என்றார் வெர்னர். அவரைப் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தேன்.

அதன் பிறகு சரியாக மாட்டி, ஒரு கம்பி தாங்க மறு கம்பியால் கால் சுற்றுக் கால் சுற்றாக முறுக்கினேன். வெர்னர் சுற்றுகளை எண்ணினார். கடைசிச் சில சுற்றுகளில் ஸ்பிரிங்கின் விசை கம்பி வழியாக உள்ளங்கைக்கு வந்தது. அந்தச் சமயத்தில் கையை விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. முகத்தைக் கம்பியின் வழியில் வைக்காமல் ஓரமாக நின்றேன். வெர்னர் எண்ணும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், சர்ச்சில் பேசுவது போல். கடைசியாகத் திருகாணிகளை இறுக்கிக் கம்பிகளை உருவினேன். கையுறைக்குள் விரல்கள் மடங்கியபடியே இருந்தன, வெர்னர் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.

கிடுக்கியை எடுத்துவிட்டுக் கதவை ஒரு கையால் தூக்கினேன். பாதியில் விட்டேன். விட்ட இடத்திலேயே நின்றது. அதன் கீழே முதலில் நான் நின்றேன். கதவை ஆட்டிப் பார்த்தேன், என் தலைக்கு மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தேன். வெர்னரை அதன் பிறகுதான் அதற்குக் கீழே வர விட்டேன்.

அன்று மதியமே கர்டிஸ் வந்தார். கதவு திறந்து மூடியதைத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். ஒப்பந்தக்காரர் வந்தாரா என்று கேட்டார். இல்லை, நான் மாற்றினேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன்.

"இது உங்க கதவு இல்ல மார்லிஸ், சங்கத்துக் கதவு. நாளைக்கு யார் மேலயாவது விழுந்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

"செவ்வாய்க்கிழமையே விழுந்துச்சு கர்டிஸ். நீங்க பொறுத்துக்கச் சொன்னீங்களே, அந்தக் கதவுதான் விழுந்துச்சு."

அவர் மடங்கிய மிதியைப் பார்த்தார். ஆனாலும் நான் முறுக்கியதை நானே அவிழ்த்துவிட வேண்டும், ஒப்பந்தக்காரர் வந்து பார்க்கும் வரையில் கதவைத் திறக்கக் கூடாது என்றார். யார் வேண்டுமானாலும் வந்து சோதித்துப் பார்க்கட்டும், காபி போட்டுக் கொடுத்து ஏணியையும் பிடித்துக்கொள்கிறேன், ஆனால் அவிழ்க்க மாட்டேன் என்றேன். நாளைக்கு வெர்னரை இந்தக் கதவு வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்றும் சொன்னேன். அப்படியானால் தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவை இறக்கினேன். அவர் என்ன செய்வார் என்று நினைத்தீர்கள் என்று சார்ஜென்ட் கேட்கிறார். அபராதம் போடுவார் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் அந்தக் கதவு வழியாகப் போனோம். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. வார ஆரம்பத்தில் ஒரு நாள் தவறியதால் அன்று வெர்னரின் உடம்பிலிருந்து நிறைய நீர் எடுத்திருந்தார்கள். ரத்த அழுத்தம் குறைந்து, வழியிலேயே வாந்தி எடுத்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. இப்படி ஆனால் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும் என்று டயாலிசிஸ் நிலையத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நாற்காலியில் கட்டி வைத்தபடி அதைச் செய்ய முடியாது.

வீட்டுக்கு முன்னால் கர்டிஸின் சிவப்பு நிற வண்டி நின்றிருந்தது. உள்ளே ஆள் இல்லை. நான் கராஜ் கதவின் பொத்தானை அழுத்தினேன். கதவு சிறிது தூக்கிக்கொண்டு, முனகிவிட்டு, மறுபடி இறங்கிவிட்டது. ஸ்பிரிங் இல்லாமல் மோட்டார் மட்டும் இழுக்கும்போது எப்படி முனகும் என்பது அந்த வாரம் முழுக்க எனக்குப் பழகியிருந்தது. இறங்கிப் போய்க் கதவைக் கையால் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அப்போது உள்ளேயிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மார்லிஸ், கதவத் திறங்க. கை ஒடிஞ்சு போச்சு. ரத்தம் நிக்கல."

குரல் கர்டிஸுடையது. நடந்தது என்னவென்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அவசரத்துக்கு என்று சங்கத்திடம் எல்லாக் கராஜ்களுக்கும் பொதுவான ஓர் எண் இருக்கிறது. அதைப் போட்டு உள்ளே போய், கதவை மூடிக்கொண்டு, ஸ்பிரிங்கை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார். கதவு வேலை செய்யாமல் போனால் நாங்கள் அதைப் பயன்படுத்த மாட்டோம் என்பது அவர் எண்ணம். இதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். முறுக்கும் கம்பி இல்லாமல் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகாணியைத் தளர்த்தியிருக்கிறார். ஸ்பிரிங் ஒரேயடியாகச் சுழன்று அவிழ்ந்து, ஸ்க்ரூடிரைவர் அவர் மணிக்கட்டை உடைத்து, கன்னத்தையும் கிழித்திருக்கிறது. ஸ்பிரிங் ஒன்று போனதால் கதவு எழும்பவில்லை. உள்கதவை நான் காலையில் கிளம்பும்போது சாவி போட்டுப் பூட்டியிருந்தேன். போனை அவர் தன் வண்டியிலேயே விட்டிருந்தார். தான் செய்த வேலையிலேயே அவர் அடைபட்டுக்கொண்டார்.

சங்கத்தின் புகாரில் முக்கியமாகச் சொல்லியிருப்பது இதன் பிறகு நடந்ததைத்தான். ஆகவே இதை மெதுவாக எழுதும்படி சார்ஜென்டிடம் கேட்டுக்கொண்டேன்.

நான் கதவில் வாயை வைத்து, "கர்டிஸ், நீங்க அவுத்துப் போட்டது வெர்னர் வீட்டுக்குள்ள வர்ற வழி. முதல்ல அவர உள்ள சேக்கணும். அதுவரைக்கும் அங்கயே இருங்க" என்று சொன்னேன். வார்த்தை மாறாமல் அப்படித்தான் சொன்னேன். அவர் என் பெயரைச் சொல்லி மறுபடி கூப்பிட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு லவோன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அன்று அவருக்கு விடுமுறை. வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். வேனின் பலகையை இறக்கி நாற்காலியை முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். படிகளில் பனி மூடியிருந்தது. நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து, நான் மேலேயிருந்து இழுக்க, லவோன் கீழேயிருந்து தூக்க, ஒவ்வொரு படியாக ஏற்றினோம். நடுவில் வெர்னரின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கூப்பிட்டேன், பேசவில்லை. லவோன், "நிறுத்தாதீங்க மார்லிஸ், இழுங்க, பேசாம இழுங்க" என்றார். இழுத்தேன். அவ்வளவு நேரமும் கராஜுக்குள்ளேயிருந்து தட்டும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

வெர்னரை சோபாவில் படுக்க வைத்து, காலுக்குக் கீழே தலையணைகள் அடுக்கி, வாயில் கொஞ்சம் சூப் கொடுத்தேன். ரத்த அழுத்தம் பார்த்தேன். மிகவும் கீழே இருந்தது. மறுபடி பார்த்தபோது ஏறியிருந்தது. அவர் கண் திறந்து, தட்டுவது யார் என்று கேட்டார். கர்டிஸ் என்றேன். அதன் பிறகுதான் லவோனிடம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, நான் போய் உள்கதவைத் திறந்தேன்.

சார்ஜென்ட் இந்த இடத்தில் என்னிடம் கேட்ட கேள்வியையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வெர்னரை லவோனிடம் விட்டுவிட்டு, நான் ஒரு நிமிடம் உள்ளே போய்க் கதவைத் திறந்திருக்கலாமே, ஆம்புலன்ஸையாவது முதலில் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டார். முடிந்திருக்கலாம். நான் செய்யவில்லை. மறந்துபோய் விடவில்லை, பதற்றத்தில் விடவில்லை. இருந்தவை இரண்டு கைகள், கூட லவோனின் இரண்டு கைகள். அவற்றை முதலில் யாருக்குக் கொடுப்பது என்பதை நான் முடிவு செய்தேன். அவசரத்துக்கு என்று வைத்திருந்த எண்ணைப் போட்டு எங்கள் கராஜைத் திறந்தபோது எது அவசரம் என்பதை கர்டிஸ் முடிவு செய்துகொண்டார். நானும் அதையேதான் செய்தேன். நாளைக்கு அதே போல் நடந்தாலும் முதலில் வெர்னரைத்தான் உள்ளே கொண்டுபோவேன்.

உள்கதவைத் திறந்தபோது கர்டிஸ் சரிவுப் பாதையில் உட்கார்ந்திருந்தார். கன்னத்து ரத்தம் சட்டைக் காலரில் உறைந்திருந்தது. ஒடிந்த கையை மறு கையால் நெஞ்சோடு பிடித்திருந்தார். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. நான் போர்வை போர்த்தி, பத்திரிகை ஒன்றைச் சுருட்டிக் கைக்குக் கீழே வைத்து மப்ளரால் கட்டினேன். கன்னத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடித்தேன். சூடாக ஏதாவது குடிக்கக் கேட்டார். அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தால் வயிற்றில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று சொல்லி, தர மறுத்தேன்.

"நான் யாருக்கும் கெடுதல் பண்ண வரல, மார்லிஸ். யாரும் அதுக்குக் கீழ நிக்கக் கூடாதுன்னுதான்..." என்றார்.

"தெரியும்" என்றேன். அது உண்மை, எனக்குத் தெரியும். அவர் கெட்ட மனிதர் என்று நான் இந்த வாக்குமூலத்தில் எங்கேயும் சொல்லவில்லை.

அப்போது சோபாவிலிருந்து வெர்னர் குரல் கொடுத்தார். "கர்டிஸ், அடுத்த தடவ வந்தா காலிங் பெல்ல அடிப்பா" என்றார். கர்டிஸ் அழுதார். வலியில் அழுதாரா வேறு எதற்காகவாவது அழுதாரா என்று எனக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை துணியை நான் கையை எடுக்காமல் பிடித்திருந்தேன்.

அடுத்த நாள் சார்ஜென்ட் வந்து கராஜில் படம் எடுத்தார். சுவரோரம் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பையில் போட்டார். அது எங்களுடையது அல்ல. நான் முறுக்கப் பயன்படுத்திய இரண்டு கம்பிகளும் சுவரில் மாட்டிய இடத்திலேயே இருந்ததையும் அவர் பார்த்தார். இனி அங்கே தொடலாமா என்று கேட்டேன். தொடலாம் என்றார். அவருடைய வண்டி தெரு முனை திரும்புவதற்குள் நான் ஏணியில் ஏறிவிட்டேன். அவிழ்ந்த ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கினேன். அன்று முதல் கதவு நன்றாக வேலை செய்கிறது. வெர்னர் ஒரு டயாலிசிஸைக்கூடத் தவறவிடவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் தெரீசா லிண்ட்வால் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே, "அவர் உங்களக் கூப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"கூப்பிட்டார். பல தடவ கூப்பிட்டார்."

"அத மறைக்காம சொன்னீங்களே" என்றார். "போகாதீங்கன்னு நான் அவர்கிட்ட சொன்னேன். அந்தக் கதவ விட்ருங்கன்னு சொன்னேன்." உடனே திரும்பிப் போய்விட்டார். அவர் இதைச் சாட்சியாக வந்து சொல்வாரா என்று எனக்குத் தெரியாது, சொல்லும்படி நான் கேட்கவும் மாட்டேன். அவர் சொன்னது இது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சங்கத்தின் சார்பில் கொடுத்த புகாரில், நான் ஆட்களுக்குக் காயம் ஏற்படும் விதத்தில் கதவைப் பொறி போல் அமைத்து வைத்தேன் என்று எழுதியிருப்பதாக எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அது பொய். நான் அமைத்தது எல்லா வீட்டிலும் இருக்கும் கதவு. அதன் கீழே முதலில் நின்றது என் தலை. சங்கத்தின் சொத்தை அனுமதி இல்லாமல் மாற்றினேன் என்றும் எழுதியிருக்கிறார்கள். அது உண்மை, மாற்றினேன். லவோன் பெலாஞ்சர் தூண்டிவிட்டதாகச் சொல்லியிருப்பதும் பொய். அவர் செய்தது தோள் கொடுத்தது மட்டும். கர்டிஸை வேண்டுமென்றே உள்ளே அடைத்து வைத்தேன் என்பதும் பொய். அவரை அடைத்தது நான் அல்ல, அவரைக் காத்திருக்க வைத்தது நான். இரண்டும் ஒன்றா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

பழைய மாதிரியே விட்டுவிட்டால், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சங்கத்தினர் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள். பழைய மாதிரி என்றால் ஸ்பிரிங்கை அவிழ்த்துவிட்டு ஒப்பந்தக்காரருக்குக் காத்திருப்பது. நான் மறுத்துவிட்டேன். சோதிக்க ஆள் அனுப்பினால் கதவைத் திறந்து காட்டுவேன். அவிழ்க்க ஆள் அனுப்பினால் அவர் போன பிறகு மறுபடி முறுக்குவேன். கம்பிகள் என்னிடம்தான் இருக்கின்றன.

நான் சொன்னதை சார்ஜென்ட் எழுதி, தொடக்கத்திலிருந்து எனக்கு வாசித்துக் காட்டினார். படிகளில் வெர்னரை ஏற்றியது பற்றிய இடத்தில், "இதனால் கதவைத் திறப்பதில் தாமதம் ஏற்பட்டது" என்று எழுதியிருந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "டீச்சர், இத அப்படியே விட்டா உங்களுக்குத்தான் நல்லது" என்றார். என் நன்மைக்காகத்தான் எழுதியிருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனால் தாமதம் தானாக ஏற்படவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, நான் சொன்னபடியே எழுதச் சொன்னேன். எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டிருக்கிறேன்.

அந்தத் திருத்தத்தோடு சேர்த்து, இதில் உள்ளது முழுவதும் நான் சொன்னது, நடந்தது.

(ஒப்பம்)
மார்லிஸ் நியேமி

என் முன்பாகச் சொல்லப்பட்டது, படித்துக் காட்டப்பட்டது. திருத்தம் ஒன்று, சொன்னவர் கேட்டுக்கொண்டபடி.

(ஒப்பம்)
ஆ. ஸுபான்சிச், சார்ஜென்ட்